உப்புத்தண்ணீர்

வில்லிவாக்கத்தில் எங்கள் போரில் வருவதும்
உப்புத்தண்ணீர்தான்.
அந்த உப்பு இதற்கு ஆகாது என்றார்
கொளத்தூர் எபநேசர்.
தலை குளித்தால் முடி கொட்டும்,
பக்கெட்டில் வெள்ளையாய்ப் படியும்,
அது வேற உப்பு, மேடம்.
ஆக, நல்ல தண்ணீரைக் காசுக்கு வாங்கி
(ஐந்து கேன், மூன்று மாடி, லிஃப்ட் இல்லை)
பாக்கெட்டில் வந்ததைக் கொட்டிக் கிண்டினேன்.
என்ன கரைக்கிறே என்றாள் எதிர்வீட்டு மும்தாஜ்.
கடலை, என்றேன்.
பஜ்ஜிக்கா என்றாள்.

நிஜக் கடல் பத்துக் கிலோமீட்டரில்
சும்மா கிடந்தது.

ஒரு மாதம் வெறும் பாறைக்கும் மணலுக்கும்
கரண்ட் பில் கட்டினேன்.
பிறகு இரண்டு கோமாளி மீன்கள்.
அடுத்த வாரம் மணலில் பழுப்பு,
காபி சிந்தி யாரோ துடைக்காமல் போனதுபோல.
யாரோ என்ன யாரோ, வீட்டில் நான் மட்டும்தான்.
அது வரும், போகும், என்றார் போனில்.
கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.
பழுப்பு போனது.
போன இடத்தில் பச்சை வந்தது.
பாறைக்கு முடி முளைத்து
பம்ப் தள்ளும் பக்கமெல்லாம் சாய்ந்தது.
வகிடு எடுத்துப் பின்னலாம்.
பழைய டூத்பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி இழுத்தேன்.
மூன்றே நாள், மறுபடி முடி.

விளக்கு எத்தனை மணி நேரம் எரியுது?
பதினாலு.
ஆறு போதுமே, யாருக்காக எரிய விடறீங்க?

ராத்திரி பத்து மணிக்கு
ஆபீஸ் வண்டி இறக்கிவிட்டுப் போனதும்
தெருவிலிருந்து அண்ணாந்தால்
மூன்றாம் மாடியில் ஒரு நீல ஜன்னல்
இருக்கட்டுமே என்றுதான்.
அதைச் சொல்லவில்லை.
மீனுக்குப் பசிக்குமோ என்று
மூன்று வேளை போட்டதையும் சொல்லவில்லை.
பாசி எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கொளத்தூர்.
நத்தை ஆறு, துறவி நண்டு இரண்டு,
மணலில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டும் ஒன்று,
அதன் பேர் மறந்துவிட்டது.
கிளீனிங் பார்ட்டி என்றார்.
சம்பளம்?
அழுக்குதான்.
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வந்தேன்,
ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் அணைத்துக்கொண்டு.

புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்ப்
பழக்க வேண்டும்.
மெடிக்கலில் டிரிப்ஸ் டியூப் கிடைத்தது.
சின்னச் சக்கரத்தை உருட்டி
நிமிடத்துக்கு இத்தனை சொட்டு என்று நிறுத்த
எனக்கு நன்றாகத் தெரியும்.
எங்கே, யாருக்காகக் கற்றேன் என்பது
இந்தத் தொட்டிக்கு வேண்டாம்.

காலையில் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு
வளைந்து வளைந்து ஒரு சுத்தம்.
அதன் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது,
போன வருடக் காலண்டரோடு.

ஒன்பதாம் நாள்
பெரிய நத்தையின் ஓட்டுக்குள் நண்டு.
துறவி என்று பேர்தான், வீட்டு ஆசை விட்டதா?
பழைய ஓடு வாய் பிளந்து கிடந்தது.
நத்தையைத் தேடினேன்.
எலும்பில்லாத ஜீவன், மிச்சமும் இல்லை.
காலி ஓடு நாலு போட்டு வைங்கன்னு
சொன்னேனே மேடம்.
சொன்னார்தான்.

அப்போதுதான் கடலுக்குப் போனேன்.
காசிமேட்டில் வலை உதறிய இடத்தில்
குனிந்து பொறுக்கியபோது
என்னம்மா தேடுறே என்றார் ஒருவர்.
வாடகைக்கு வீடு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. தானும் குனிந்து
ஒன்றை எடுத்தார், உள்ளே ஊதிப் பார்த்தார்,
இதுல யாரும் இல்லை என்று கொடுத்தார்.

ஏழு ஓடுகள். கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் போட்டேன்.
நண்டு ஒவ்வொன்றாய் எட்டிப் பார்க்கிறது.
எதுவும் பிடிக்கவில்லை.
பாறைக்குப் பின்னால் இன்னும் ஒரு கைப்பிடிப் பச்சை.
அங்கே நத்தையும் எட்டவில்லை,
நானும் விட்டுவிட்டேன்.

இப்போது டைமர், ஒன்பதுக்கே விளக்கு அணைந்துவிடும்.
இருட்டு ஜன்னலுக்குத்தான் படியேறி வருகிறேன்.
தட்டில் சோற்றைப் போட்டு உட்காரும்போது
டக்.
கண்ணாடியிலிருந்து ஒரு நத்தை
மல்லாந்து விழும் சத்தம்.
தானாய் நிமிரத் தெரியாது இந்த வகைக்கு.
எச்சில் கையைக் கழுவி, துடைத்து,
முழங்கை வரை உள்ளே விட்டு
இருட்டில் தடவி நிமிர்த்திவிட்டு
அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்தால்
ரசஞ்சோறு
கரிக்கிறது.